வேலைநிறுத்த அறிவிப்பு விதி: வான்வழிப் பணியிலிருந்து ஆலைகளுக்கு

உத்திரமேரூர் என்றதும் முதலாம் பராந்தகன் காலக் குடவோலைக் கல்வெட்டே ஆய்வாளர் நினைவில் எழும். இவ்வட்டார இளைஞர் பலரது வாழ்வை இன்று ஆள்வது ஒரகடம், திருப்பெரும்புதூர் ஆலைகளின் பணிமுறை. அவர்களைப் பிணிக்கும் வேலைநிறுத்த விதி முன்னர் வான்வழிப் போக்குவரத்து போன்ற சில பணிகளுக்கே உரியதாயிருந்தது. அது ஆலைகளுக்கு வந்த வழியை இக்கட்டுரை ஆராய்கிறது.

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் பயணிகளையும் சரக்கையும் வான்வழி ஏற்றிச்செல்லும் பணியைப் பொதுப் பயன்பாட்டுப் பணியாக வகுத்தது. அதன் 22ஆம் பிரிவின்படி, அறிவிப்புக் கொடுத்து 14 நாள் கழியாமல் வேலைநிறுத்தம் கூடாது. சமரச நடவடிக்கையின்போதும் அது முடிந்த பின் 7 நாள் வரையிலும் கூடாது. இதில் ஒரு முடிச்சு உண்டு. அறிவிப்பு சமரச அலுவலர் கைக்கு வந்த நாளிலேயே சமரசம் தொடங்கியதாகச் சட்டம் கருதும். உரிமையைக் கோரும் கடிதமே உரிமையை நிறுத்திவைக்கும் கருவியாயிற்று.

இம்முடிச்சைத் தொழிலாளர் கடக்க முயன்ற வழி நோய் விடுப்பு. 2009 செப்டம்பரில் ஜெட் ஏர்வேஸ் விமானிகள் கூட்டாக அவ்விடுப்பில் சென்றனர். சங்கம் அமைத்த விமானிகளின் பணிநீக்கமே அதற்குக் காரணம். 2012 மே மாதத்தில் ஏர் இந்தியா விமானிகள் அவ்வாறே செய்தபோது, தில்லி உயர்நீதிமன்றம் அதனைச் சட்டவிரோத வேலைநிறுத்தமெனக் கொண்டு தடைவிதித்தது. தடைக்குப் பின்னும் போராட்டம் 58 நாள் நீடித்தது! 2024 மே மாதத்தில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானப் பணிக்குழுவினரும் அவ்வழியே சென்றனர். பணிநீக்கம் செய்யப்பட்டோர் சமரசத்தால் மீண்டனர்.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்பு, 2020, அறிவிப்புக் கடமையை எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் விரித்தது. ஒரே நாளில் 50 விழுக்காட்டினர் கூடிப்பேசித் தற்செயல் விடுப்பு எடுப்பதும் இனி வேலைநிறுத்தமே. நோய் விடுப்பை அவ்வரையறை பெயர்சொல்லிக் குறிக்கவில்லை. நீதிமன்றங்கள் அவ்விடைவெளியை நிரப்பக்கூடும்.

இம்மாற்றத்தின் எடையை அறியச் சுங்குவார்சத்திரம் போதும். 2024 செப்டம்பர் 9 முதல் சாம்சங் ஆலைத் தொழிலாளர் சங்கப் பதிவு கோரி 37 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். பலசுற்றுச் சமரசப் பேச்சுகளும் வேலைநிறுத்தமும் அப்போது அருகருகே நடந்தன. புதிய தொகுப்பின்படி, சமரச அலுவலர் முதல் அமர்வைக் கூட்டிய நாள்முதல் வேலைநிறுத்தத்திற்கு இடமில்லை.