எண்ணத் தெரிந்தவன் வெல்வானா?
கசினோச் சலுகைகளின் சிறு வரலாறு

நாலு வருடங்களுக்கு முன்பு, ஆராவில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் சாப்பாட்டறையில் நடந்தது இது. என்னோடு பொதி செய்யும் பிரிவில் நின்ற எங்கள் பெடியன் ஒருவன் தன் கைத்தொலைபேசியை என் முன்னால் நீட்டினான். அமெரிக்காவில் சிலர் வீடியோ போக்கர் விளையாடியே சீவிக்கிறார்களாம். "சேர், இது உண்மையோ? கணக்குத் தெரிஞ்சவன் கசினோவை வெல்லலாமோ?"

நான் யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடங்கள் புள்ளிவிபரவியல் படிப்பித்தவன். 2008இல் இந்த நாட்டுக்கு வந்தபின் பெட்டிகளை எண்ணச் சொல்லியிருக்கிறார்களே தவிர, எவரும் என்னிடம் நிகழ்தகவு பற்றிக் கேட்டதில்லை. அவன் கேட்டதும் எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. கை துடைக்கும் கடதாசியில் கணக்குப் போட்டுக் காட்டி, "வெல்லலாம்" என்றேன். அந்த ஒற்றைச் சொல்லுக்கு நான் அன்று எழுத மறந்த அடிக்குறிப்பே இக்கட்டுரை.

சூதும் கணக்கும் நீண்டகால உறவினர். நளன் கதையில், வாகுகன் என்ற பெயரில் தேரோட்டியாக இருக்கும் நளனுக்கு இருதுபன்னன் தான்றி மரத்தை ஒரு பார்வையில் எண்ணிக் காட்டுகிறான். தேரோட்டும் வித்தையை வாங்கிக்கொண்டு எண்ணும் வித்தையைக் கொடுக்கிறான். அதற்குப் பின்பே நளன் தோற்ற நாட்டைச் சூதிலேயே மீட்கிறான். எண்ணத் தெரிந்தவன் வெல்வான் என்ற நம்பிக்கை எமக்குப் புதிதல்ல.

ஐரோப்பாவில் இந்த வித்தை எழுதப்பட்ட இடங்களில் ஒன்று, ஆராவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய பாசல் நகரம். அங்கு வாழ்ந்த யாக்கோப் பெர்னூலி 1705இல் இறந்தார். அவருடைய நிகழ்தகவு நூல் 1713இல் அதே நகரில் அச்சேறியது. பெரிய எண்களின் விதியை அதில்தான் அவர் நிறுவினார். ஓர் ஆட்டத்தை எவ்வளவு அதிகமாக ஆடுகிறோமோ, சராசரி விளைவு அவ்வளவுக்குக் கணக்கிட்ட மதிப்பை நெருங்கும் என்பதே அதன் சாரம். கசினோ என்பது இந்த விதியின்மேல் கட்டப்பட்ட கட்டடம். அதிட்டம் வருபவனுக்குத்தான் தேவை. விடுதிக்கு ஆட்டங்களின் எண்ணிக்கை கூடினால் போதும்.

அப்படியானால் வீடியோ போக்கரில் சிலர் எப்படி வென்றார்கள்? சாதாரண சூதாட்ட இயந்திரத்தின் உள்ளே என்ன நிகழ்தகவு இருக்கிறது என்று வெளியில் நிற்பவனுக்குத் தெரியாது. 1970களின் இறுதியில் சை ரெட் என்பவரின் நிறுவனம் நெவாடாவில் பரப்பிய போக்கர் இயந்திரம் வேறு வகை. திரையில் உண்மையான கடதாசிக் கட்டைக் காட்டும் இயந்திரம் உண்மையான 52 கடதாசிகளின் நிகழ்தகவையே பின்பற்ற வேண்டும் என்பது நெவாடா விதி. எந்தக் கைக்கு எவ்வளவு கொடுக்கப்படும் என்ற அட்டவணையும் இயந்திரத்தின் முகத்திலேயே இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் முழுக் கணக்கையும் போட்டுவிடலாம். ஐந்து கடதாசிகள் வரக்கூடிய வகைகள் 25,98,960. ஒவ்வொன்றிலும் எதை வைத்திருப்பது, எதை எறிவது என்பதற்கு 32 வழிகள். மனிதனுக்கு மலைப்பான வேலை, கொம்பியூட்டருக்கு அல்ல. 1980களில் தனியாட்கள் வீட்டில் கொம்பியூட்டர் வாங்கத் தொடங்கியபோது, இந்தக் கணக்கும் வீட்டுக்கு வந்தது.

ஒரு சோடி ஜாக் அல்லது அதற்கு மேல் வந்தால் பணம் திரும்பும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். புல் ஹவுஸுக்கு 9, பிளஷுக்கு 6 எனக் கொடுக்கும் இயந்திரத்தில், ஒரு பிழையும் விடாமல் ஆடுபவனுக்கு நீண்டகாலத்தில் 99.54 வீதம் திரும்பும். அதாவது நூறு டொலருக்கு 46 சதம் நட்டம். மிகச் சிறியது, ஆனால் நட்டம்தான்.

இந்த இடைவெளியை நிரப்பியவை கசினோக்களின் சலுகைகளே. 1980களின் முற்பகுதியில் அத்திலாந்திக் சிற்றியிலும் பின்னர் லாஸ் வேகாசிலும் வாடிக்கையாளர் சங்கங்கள் தோன்றின. இயந்திரத்தில் அட்டையைச் செருகி விளையாடினால் புள்ளிகள் சேரும். புள்ளிகள் காசாக, சாப்பாடாக, தங்குமிடமாகத் திரும்பி வரும். சில நாட்களில் புள்ளி இரட்டிப்பாகும், மும்மடங்காகும். புள்ளி கணக்கிடப்பட்டது ஒருவன் இழந்த தொகையில் அல்ல, இயந்திரத்துக்குள் போட்ட மொத்தத் தொகையில். சராசரி ஆள் நிறைய இழப்பான் என்று நினைத்து வகுத்த திட்டம் இது. மிகக் குறைவாக இழக்கத் தெரிந்தவனுக்கு அதே திட்டம் ஒரு வாசலாகியது. ஸ்ரான்போர்ட் வோங், ஜீன் ஸ்கொட், பொப் டான்சர் போன்றோர் இதைப் பற்றி நூல்களே எழுதினர்.

நான் அன்று கடதாசியில் போட்ட கணக்கு இதுதான். ஓர் ஆட்டத்துக்கு 5 டொலர், மணிக்கு 600 ஆட்டம். இயந்திரத்துக்குள் போவது மணிக்கு 3,000 டொலர். எதிர்பார்க்கும் நட்டம் 13 டொலர் 80 சதம். புள்ளியாகத் திரும்புவது கால் வீதம் என்றால் 7 டொலர் 50 சதம், நட்டமே. மும்மடங்கு நாளில் 22 டொலர் 50 சதம். மிச்சம் மணிக்கு 8 டொலர் 70 சதம்.

இந்த இடத்தில் நான் பேனாவை மூடியிருந்தேன். மூடியிருக்கக்கூடாது. நிமிடத்துக்குப் பத்து முடிவுகள், ஒன்றும் பிழைக்காமல், மணிக்கணக்காக எடுப்பவனுக்குக் கிடைப்பது 8 டொலர் 70 சதம். எங்கள் பட்டியின் முன்னால் நிற்பதற்கு இதைவிடக் கூடுதலாகத் தருகிறார்கள். வெல்பவன் விளையாடவில்லை, வேலை செய்கிறான். அவனுடைய வேலைக்கு முதலாளி இல்லை, காப்புறுதி இல்லை, மாத முடிவில் சம்பளமும் உறுதியில்லை. 99.54 வீதத்தில் ஏறக்குறைய 2 வீதம் றோயல் பிளஷ் என்ற ஒரேயொரு கையிலிருந்து வருகிறது. அது சராசரியாகச் சுமார் 40,000 ஆட்டங்களுக்கு ஒரு தடவையே வரும். மணிக்கு 600 என்றால் அறுபத்தேழு மணி நேரம். அது வராத காலம் முழுவதும் நட்டம் மணிக்கு எழுபது டொலருக்கு மேல். 40,000 ஆட்டங்களை முடித்தபின்பும் அதைக் காணாதவர்கள் நூற்றுக்கு முப்பத்தேழு பேர். பெர்னூலியின் விதி உண்மைதான். ஆனால் அது நெருங்கி வரும்வரை தாக்குப்பிடிக்கக் கையில் காசு வேண்டும்.

விடுதிகளும் சும்மா இருக்கவில்லை. கொடுப்பனவு அட்டவணையில் 9-6 என்றிருந்ததை 8-5 ஆக்கினார்கள். திரும்பும் தொகை 97.30 வீதமாகியது. 6-5 ஆக்கியபோது 95 வீதம். திரையும் கடதாசியும் ஒலியும் அதேதான். மாறியவை இரண்டு இலக்கங்கள். பல இடங்களில் வீடியோ போக்கருக்குப் புள்ளியைக் குறைத்தார்கள். தொடர்ந்து வென்றவர்களுக்குச் சலுகைக் கடிதம் அனுப்புவதை நிறுத்தினார்கள். பிளாக்ஜாக் மேசையில் கடதாசிகளை எண்ணி விளையாடிய கென் அஸ்ரனை விலக்கக் கசினோவுக்குத் தானாக அதிகாரமில்லை என்று நியூ ஜேர்சி உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது. நெவாடாவிலோ திறமைசாலியை வெளியேறச் சொல்லலாம். எண்ணத் தெரியாதவனுக்கு அழைப்பும் எண்ணத் தெரிந்தவனுக்கு வாசலும் காட்டும் வியாபாரம் இது. இருதுபன்னன் இன்று கசினோ நடத்தினால் நளனை உள்ளே விடமாட்டான்.

நாம் வாழும் நாட்டுக்கு வருவோம். 1874ஆம் ஆண்டின் சுவிஸ் அரசியலமைப்பு சூதாட்ட விடுதிகளைத் தடை செய்தது. 1867இல் தஸ்தயேவ்ஸ்கி காசைத் தொலைத்த சாக்சோன் விடுதி 1877இல் மூடப்பட்டது. 1928இல் 2 பிராங் வரையான பந்தயத்துக்கு மக்கள் வாக்களித்து அனுமதித்தனர். 1958இல் அது 5 பிராங்காகியது. 1993இல் எழுபது வீதத்துக்கும் அதிகமானோர் தடையையே நீக்கினர். புதிய சட்டம் 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2002இல் எங்கள் ஆர்காவ் மாநிலத்தின் பாடன் நகரிலும் கசினோ திறக்கப்பட்டது. 1993இல் மக்களின் ஒழுக்கம் திடீரென மாறிவிடவில்லை. மத்திய அரசின் கணக்கில் துண்டு விழுந்திருந்தது. கசினோக் கட்டடங்களில் விளையாடுவோர் இழக்கும் மொத்தத் தொகைமீது வரி 40 வீதத்தில் தொடங்கி 80 வீதம் வரை ஏறலாம். மத்திய அரசுக்குச் சேரும் வரி முதியோர் காப்புறுதிக்குப் போகிறது. இரவில் ஓர் அகதி இழக்கும் காசில் ஒரு பங்கு எங்கோ ஒரு முதியவரின் ஓய்வூதியத்தில் சேர்கிறது. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. அந்த ஓய்வூதியம் ஒருநாள் எனக்கும் தேவைப்படும்.

இங்கேதான் என்னை உறுத்தும் கேள்வி இருக்கிறது. திறமைசாலி பெறும் சலுகைக் காசு எங்கிருந்து வருகிறது? விடுதி தன் கையிலிருந்து கொடுப்பதில்லை. பக்கத்து இயந்திரத்தில் அட்டவணையைப் பார்க்காமல் ஆடுபவனின் இழப்பிலிருந்துதான் அது வருகிறது. கசினோவை முறியடித்தவன் என்று நாம் வியக்கும் ஆள், உண்மையில் கசினோவோடு சேர்ந்து மற்றவனின் நட்டத்தில் பங்கு எடுக்கிறான். அவன் குற்றவாளியல்ல. ஆனால் அவனை ஒரு கலகக்காரனாக்கும் கதைகளை நான் இனி நம்பமாட்டேன்.

அந்தப் பெடியன் பக்கத்து இயந்திரத்தில் இருந்தவன். ஒரு விடுதி அவனுக்கு இலவச ஆட்டம் தந்திருக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது இங்கே முக்கியமல்ல. அவன் விளையாடியது போக்கர்கூட அல்ல. கடதாசியே இல்லாத, எவராலும் வெளியிலிருந்து கணக்கிட முடியாத இயந்திரம். சீட்டெடுத்த காசு போயிற்று. தங்கச்சியின் அலுவலுக்கென்று வைத்திருந்த காசு அது. "சேர் வெல்லலாம் எண்டு சொன்னவர்" என்று அவன் எவரிடமும் சொல்லவில்லை. என்னோடு கோபமும் இல்லை. அதுதான் தாங்க முடியாமலிருக்கிறது.

சட்டம் தந்திருக்கும் வழியில், சுவிஸ் கசினோக்கள் எல்லாவற்றிலிருந்தும் தன்னைத் தானே விலக்கிக்கொள்ள அவன் எழுதிக் கொடுத்தான். படிவத்தை நிரப்ப நான் உதவினேன். ஊரில் முந்நூற்றிநாலு விளையாடிய கையோடு வந்த நாம், இதையும் பொழுதுபோக்கு என்றோ தனியாளின் பழக்கக்கேடு என்றோ மூடிவைக்கிறோம். யாரும் கடனைப் பற்றிக் கதைப்பதில்லை; சீட்டுப் பிடிப்பவர்தான் முதலில் அறிகிறார். படித்தவர்கள் என்று எம்மை நாமே சொல்லிக்கொள்பவர்கள் அந்தக் கணக்கை வெளியில் எடுத்துப் போட வேண்டும். பாதிக் கணக்கை அல்ல. பாதிக் கணக்கை எப்படிச் சொல்வது என்று நான் ஏற்கெனவே காட்டிவிட்டேன்.