வோகான்சோனோட லேத்தும் அப்பாரு லேத்தும்

லாச்சப்பல்ல மசால் தோசையை முடிச்சுட்டு ஃபோபூர் சாந் தெனி தெருவுலயே தெற்கால நடந்தா, அரை மணி நேரத்துல ஆர் எ மெத்தியே அருங்காட்சியகத்துக்குப் போயிரலாம். மெட்ரோ காசு மிச்சம் :-)

போன ஞாயித்துக்கிழமை நான் அங்க போனது ஒரே ஒரு லேத்தைப் பாக்கத்தான். முந்தின நாள் ஊர்ல இருந்து அப்பா போன் பண்ணியிருந்தாரு. "அப்பாரு லேத்து சும்மாதான கெடக்குது கண்ணு, எடைக்குப் போட்டரலாம்னு உங்க சித்தப்பன் சொல்றான். நீ என்ன சொல்ற?" நாளைக்குச் சொல்றேனுங்ப்பான்னு வெச்சுட்டேன்.

நான் பாக்கப் போனது ழாக் தெ வோகான்சோன் (1709–1782) செஞ்ச லேத்து. இந்த மனுசன் பேரைச் சொன்னா எல்லாருக்கும் 1739-ல காட்டின இயந்திர வாத்துதான் ஞாபகம் வரும். தானியத்தைத் தின்னு, செரிச்சு, எச்சமும் போடுமாம். (செரிமானம் டுபாக்கூர். எச்சம் முன்கூட்டியே உள்ள வெச்சது.) 1741-ல அரசாங்கம் அவரைப் பட்டு ஆலைகளுக்கு இன்ஸ்பெக்டரா போட்டுச்சு. 1744-ல லியோன் பட்டு நெசவாளருங்க அவர் கொண்டு வந்த விதிமுறைகளை எதிர்த்துக் கிளம்ப, ஊரை விட்டே ஓடினாரு. ஆனா பட்டை விடல. பட்டு இயந்திரத்துக்கு வேண்டிய உருளைகளைத் துல்லியமாக் கடையறதுக்காக 1751 வாக்குல இந்த லேத்தைச் செஞ்சாரு.

அந்தக் காலத்துல கடைசல்காரர் பெரும்பாலும் உளியைக் கையிலதான் பிடிக்கணும். கை அசைஞ்சா உருளையும் கோணல். வோகான்சோன் உளியைக் கையில இருந்து பிடுங்கி ஒரு வண்டியில பூட்டிட்டாரு. இரும்புப் பட்டைகள் மேல அந்த வண்டி நேர்கோட்டுல வழுக்கிப் போகும், நீளமான திருகாணியைக் கைப்பிடியால சுத்தினாப் போதும். பாத்ததும் "அட, நம்ம சேடில்!"னு வாய்விட்டே சொல்லிட்டேன். பக்கத்துல நின்ன பாட்டி ஒரு மாதிரி பாத்தாங்க.

சாகறப்ப தன் இயந்திரங்களை எல்லாம் பதினாறாம் லூயிக்கு எழுதி வெச்சுட்டாரு. ராசாவே தல போயிச் செத்தாரு, ஆனா இயந்திரங்க தப்பிச்சுது. 1794-ல அபே கிரெகுவார் முயற்சியில இந்த நிறுவனம் உருவானப்ப அந்தச் சொத்துதான் இதோட அடித்தளம். எல்லாம் சரி, ஆனா இந்த லேத்துல இருந்து பெருசா ஒரு பரம்பரை கிளம்பல.

பரம்பரை கிளம்புனது லண்டன்ல. ஹென்றி மாட்ஸ்லே 1797-ல, வாரம் 30 ஷில்லிங்குக்கு மேல தரமாட்டேன்னு முதலாளி சொன்னதால, சொந்தப் பட்டறை போட்டாரு. 1800 வாக்குல அவர் செஞ்ச லேத்துல லீட் ஸ்க்ரூவையும் சுழலும் தண்டையும் பல்சக்கரத்தால இணைச்சாரு. வோகான்சோன்ல அந்த இணைப்பு இல்ல. இருந்தாத்தான் சக்கரத்தை மாத்தி மாத்தி வேணுங்கற மரை வெட்ட முடியும். ஆனா எனக்கு அதை விட முக்கியமாப் பட்டது, அந்தப் பட்டறையில யார் யார் வேலை பழகினாங்கங்கறது: கிளெமென்ட், ராபர்ட்ஸ், நாஸ்மித், விட்வொர்த். நம்ம ஊர்ப் பட்டறைக்காரங்க வாயில புழங்கற விட்வொர்த் மரை, அந்த விட்வொர்த் 1841-ல முன்வெச்ச அளவுதான்.

லியோன்ல பட்டுன்னா கோவையில பஞ்சு. 1888-ல தொடங்கின ஸ்டேன்ஸ் மில், 1932-ல வந்த பைக்காரா கரண்டு, அப்புறம் வரிசையா மில்லுங்க. மில்லு இருந்தா உதிரிபாகம் கடையணும்ல? அப்படித்தான் ஊரெல்லாம் லேத் பட்டறை. (கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.) எங்க அப்பாரு வீட்டுக்குப் பின்னாடி தகர ஷெட்டுல போட்டது ஆறடி பெட், பெல்ட் லேத்து. சக் ஆட்டம் கண்டு ரொம்ப நாளாச்சு. ஆனா அதுல சுருள் அள்ளிப்போட்டுப் பழகின மூணு பேரு இன்னிக்குத் தனியாப் பட்டறை வெச்சிருக்காங்க. நானும் எட்டாவது லீவுல ஒரு புஷ் கடைஞ்சேன். ரெண்டு நூல் கம்மியாப் போச்சு.

ராத்திரி போன் போட்டேன். எடைக்கு வேண்டாம், சக்கை மட்டும் மாத்திடலாம், காசு நான் அனுப்பறேன்னேன். "மாத்தி? ஆர் ஓட்டறது?"ன்னாரு அப்பா. அதுக்குத்தான் கேக்கறேன்: பீளமேடு, கணபதிப் பக்கம் ஐடிஐ முடிச்சுட்டு, வீட்டுல லேத்து இல்லாம பழக இடம் தேடற பசங்க யாராச்சும் உங்களுக்குத் தெரியுமா? வாடகை எல்லாம் வேண்டாம். எண்ணெய் மட்டும் அவங்க செலவு.