கடலோரத்து அடுப்பங்கரை: நாம் காக்க வேண்டிய அமானிதம்

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

நம் கடற்கரையின் வரலாற்றை எழுதப் புகுவோர் முத்துக்குளித்தலையும், மரக்கலங்களையும், அரபு நாட்டுக் குதிரை வணிகத்தையும் தவறாமல் குறிப்பிடுவர். அந்தக் கலங்களைச் செலுத்தியோரும், கடலில் மூழ்கிச் சிப்பி எடுத்தோரும் கரையேறிய பின் எதை உண்டு களைப்பாறினர், அதை யார் எவ்வாறு சமைத்தனர் என்பதை எவரும் எழுதுவதில்லை. அடுப்பங்கரையின் வரலாறு ஏட்டில் ஏறாமல், தாயிடமிருந்து மகளுக்கு வாய்மொழியாகவும் கைப்பழக்கமாகவும் வந்தது. அந்தத் தொடர் நம் காலத்தில் அறுந்துவிடுமோ என்னும் கவலையே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஆபரணமும் உணவும்

திருக்குர்ஆனின் 16ஆவது அத்தியாயமான அந்நஹ்லில், கடலை அல்லாஹ் மனிதருக்கு வசப்படுத்தித் தந்த அருட்கொடை 14ஆவது வசனத்தில் பேசப்படுகிறது. அங்கே முதலில் கூறப்படுவது உண்பதற்கான புத்தம்புதிய இறைச்சி. அதன் பின்னரே அணிவதற்கான ஆபரணம் கூறப்படுகிறது. இவ்விரண்டையும் ஒருசேரப் பெற்ற கடற்கரை நம்முடையது.

முத்தின் புகழ் மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கப் பயண நூல் கொற்கையின் முத்துக்குளித்தலைப் பதிவு செய்துள்ளது. 1290களில் இப்பகுதிக்கு வந்த வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ, தாமிரபரணி முகத்துவாரத்தில் இருந்த காயல் துறைமுகத்துக்கு ஹுர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றிய கலங்கள் வந்ததை விவரிக்கிறார். 1516ஆம் ஆண்டளவில் எழுதிய போர்த்துக்கீசியர் துவார்த்தே பார்போசா, காயலில் முத்து வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த செல்வமிக்க முஸ்லிம் பெருமகன் ஒருவரைக் குறிப்பிடுகிறார். அவ்வளவு நெடிய வரலாறுடைய முத்துக்குளிப்பு, தூத்துக்குடியில் கடைசியாக நடந்தது 1961ஆம் ஆண்டில்தான். அதன்பின் முத்துச்சலாபம் கூடவில்லை.

ஆக, அந்த வசனம் கூறும் இரு கொடைகளில் ஆபரணம் நம் கரையைவிட்டு நீங்கிவிட்டது. உணவு இன்னும் எஞ்சியிருக்கிறது. அதையும் நாம் கைநழுவ விடலாமா என்பதே நம்முன் உள்ள கேள்வி.

கலங்கள் கொண்டுவந்த சுவை

நம் வீட்டுச் சமையலை ஆராய்ந்தால், அது இந்த மண்ணும் கடல்வழியும் சேர்ந்து சமைத்தது என்பது விளங்கும். மண்ணுக்குரியவை தாமிரபரணிப் பாசன நெல், தேரிக்காட்டுப் பனையின் கருப்பட்டி, உப்பளத்து உப்பு, அன்றாடம் கரைசேரும் மீன் ஆகியவை. உடன்குடிக் கருப்பட்டியின் பெயர் நாடறிந்தது. அது புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. மாபார் நாட்டில் கோதுமை விளைவதில்லை, நெல்லே விளைகிறது என மார்க்கோ போலோவும் எழுதிச் சென்றார்.

கடல்வழி வந்தவற்றுள் முதலில் சொல்லத்தக்கது மாசி. 1343-44ஆம் ஆண்டுகளில் மாலத்தீவில் தங்கி காஜியாகப் பணியாற்றிய இப்னு பதூதா, அதன் செய்முறையை எழுதி வைத்துள்ளார். மீனை நான்கு துண்டாக அரிந்து, சிறிது வேகவைத்து, ஓலைக்கூடையில் இட்டுப் புகையில் காயவைப்பர் என்றும், அது இந்தியாவுக்கும் சீனத்துக்கும் யமனுக்கும் அனுப்பப்பட்டது என்றும் அவர் கூறுகிறார். ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்குப் பின்னும் மாசி அவ்வாறே வேகவைத்து, புகையிட்டு, காயவைத்துச் செய்யப்படுகிறது. அது கெடாமலிருக்க நெருப்பும் புகையும் வெயிலும் போதுமானவையாக இருந்தன.

மிளகாயோ பிற்காலத்து விருந்தாளி. வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டில் இறங்கிய பின்னரே, அமெரிக்கக் கண்டத்துப் பயிரான மிளகாய் போர்த்துக்கீசியர் வழியாக நம் நாட்டுக்கு வந்தது. அதற்கு முன் நம்மவர் சமைத்த ஆணத்தில் காரம் என்பது மிளகின் காரமே. மிளகைப் போன்ற காரமுடைய காய் என்பதால் 'மிளகாய்' எனப் பெயரிட்டு நம் மக்கள் அதை ஏற்றுக்கொண்டனர். தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் ஏலமும் சேர்த்து ஆவியில் வேகவைக்கும் வட்டலப்பம், ஒல்லாந்தர் காலத்தில் இலங்கைக்கு வந்த மலாய் மக்களின் கைவண்ணம் என்பது பரவலான கருத்து. கொழும்பு வணிகத் தொடர்பு அதை நம் பெருநாள் பலகாரமாக்கிற்று.

இதிலிருந்து ஓர் உண்மையை நாம் உணரலாம். பழமை ஒன்றினாலேயே உணவு உயர்ந்துவிடாது. புதுமை என்பதனாலேயே அது தாழ்ந்துவிடாது. நம் மூதாட்டியர் அந்நியப் பொருளை வெறுக்கவில்லை. ஆனால் எதை வாங்கினாலும் முழுப்பொருளாக வாங்கினர். மல்லியையும் மிளகாயையும் தாமே வெயிலில் காயவைத்து இடித்தனர். தேங்காயைத் தாமே துருவிப் பால் பிழிந்தனர். தம் சட்டியில் என்னென்ன வேகின்றன என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அந்த அறிவையே நாம் அமானிதம் என்கிறோம்.

துயரத்தில் தேறுதல் தரும் உணவு

உணவு வயிற்றை நிரப்புவதோடு மனத்தையும் தேற்றும் என்பது மார்க்கம் நமக்குக் கற்றுத்தந்த பாடம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள், தம் குடும்பத்தில் ஒருவர் இறந்தால், கூடியிருந்த பெண்கள் கலைந்து சென்றபின் வாற்கோதுமைக் கஞ்சியான தல்பீனாவைச் சமைக்கச் சொல்வார்கள். அது நோயாளியின் உள்ளத்துக்கு இதமளிக்கும், துக்கத்தில் சிறிதை அகற்றும் என்று அண்ணலார் (ஸல்) கூறக் கேட்டதாக அவர்கள் அறிவித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ஹிஜ்ரி 8இல் மூத்தா போர்க்களத்தில் ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதானபோது, அவரது குடும்பத்தினர் துயரில் ஆழ்ந்துள்ளனர், அவர்களுக்கு உணவு சமைத்துக் கொடுங்கள் என நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். மையித்து வீட்டுக்கு அண்டை வீட்டார் சோறாக்கி அனுப்பும் நம் ஊர் வழக்கத்தின் வேர் அங்கே இருக்கிறது.

அரபு நாட்டின் வாற்கோதுமைக்கு ஈடாக நம் கரைக்கு வாய்த்தது அரிசிக் கஞ்சி. நோன்புக் கஞ்சியை எண்ணிப் பாருங்கள். பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, சிறிது வெந்தயம், இஞ்சி, பூண்டு, சின்ன வெங்காயம், மல்லி, புதினா, வசதிக்கேற்பக் கொத்துக்கறி, இறக்கும் வேளையில் தேங்காய்ப்பால். இவற்றுள் பெயர் தெரியாத பொருள் ஒன்றேனும் உண்டா? பகலெல்லாம் வெறுமையாய் இருந்த வயிற்றுக்கு நீரும் உப்பும் மாவுச்சத்தும் பருப்பின் புரதமும் ஒரே குவளையில் மென்மையாகச் சேர்கின்றன. செல்வரும் ஏழையும் ஒரே சட்டியிலிருந்து பருகுகின்றனர். தமிழக அரசு 2001ஆம் ஆண்டு முதல் பள்ளிவாசல்களுக்கு நோன்புக் கஞ்சிக்கான பச்சரிசி வழங்கி வருவதும் இந்த உணவுக்குக் கிடைத்த மதிப்பாகும்.

நம் கரையின் விருந்திலும் இதே பண்பைக் காணலாம். காயல்பட்டினத்துக் களறிச் சாப்பாட்டில் நால்வர் ஐவராக ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்கின்றனர். கறியும், கத்தரிக்காயும், புளியாணமும் எளிய பொருள்களே. கூடி உண்பதே அவற்றை விருந்தாக்குகிறது.

ஆலையும் பொட்டலமும்

இந்த அடுப்பங்கரைக்குள் மாற்றம் முதலில் நுழைந்தது அரிசி வழியாக. உரலும் உலக்கையும் போய் ஆலைகள் வந்தன. தவிடு நீங்கிய வெள்ளை அரிசி மதிப்புக்குரியதாயிற்று. ஜாவாவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மன், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தீட்டாத அரிசியைக் கொடுத்ததும் அவை தேறுவதையும் 1890களில் கண்டறிந்தார். பெரிபெரி நோயின் காரணம் அதிலிருந்தே புலனாயிற்று. 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் நம் நாட்டின் பல வட்டார உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டபோது, தீட்டிய அரிசியைப் பெரிதும் நம்பிய சென்னை மாகாண உணவு பின்தங்கியது. நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்தும் புழுங்கலரிசியில் தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்குவதால், அதை உண்டோருக்கு அந்நோய் அரிதாயிருந்தது. எழுத்தறியாத நம் மூதாட்டியரின் வழக்கத்தில் இத்தகைய நன்மை மறைந்திருந்தது.

அடுத்து வந்தது வனஸ்பதி. 1937இல் டால்டா சந்தைக்கு வந்தது. நெய்யின் விலை ஏற ஏற, நெய்ச்சோறு என்ற பெயர் நிலைத்திருக்க, நெய் மட்டும் பல விருந்துகளில் மாறிப்போனது. எண்ணெயை இவ்வாறு இறுக வைப்பதில் உண்டாகும் ஒருவகைக் கொழுப்பு இதயத்துக்குக் கேடு என்பது பிற்காலத்தில் உறுதியாயிற்று. எண்ணெய், கொழுப்பு வகைகளில் அதன் அளவு 2 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்னும் விதி 2022 சனவரியில்தான் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. இடையில் கழிந்த 85 ஆண்டுகளில் எத்தனை பந்திகளில் அறியாமலேயே அதை உண்டிருப்போம்!

இன்றோ அரைத்த இஞ்சி பூண்டும், ஆணத்துக்கான மசாலாவும், பிழிந்த தேங்காய்ப்பாலும் பொட்டலத்தில் வருகின்றன. அவற்றில் பலவற்றை அவசரத்துக்கு வாங்குவதில் குற்றமில்லை. ஆயினும் நாவுக்கு உப்பும் இனிப்பும் எண்ணெயும் மிகுதியாகப் பழகிப்போனால், பிள்ளைகளுக்குக் கஞ்சி சப்பென்று தோன்றுகிறது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், தமிழகத்தில் அது 14.4 விழுக்காடு எனவும் மதிப்பிட்டது. உழைப்புக் குறைந்ததும் வேறு பலவும் இதற்குக் காரணமாயினும், நம் தட்டுக்கும் இதில் பங்குண்டு என்பதை மறுக்க இயலாது.

வெள்ளம் கற்றுத்தந்த பாடம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை நம் மாவட்டம் மறக்க இயலாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் செந்தூர் விரைவு ரயிலில் சிக்கிய சுமார் 800 பயணிகளுக்கு, அருகிலிருந்த புதுக்குடி கிராமத்து மக்கள் தங்களிடமிருந்த அரிசி பருப்பைக் கொண்டு கோயிலில் வைத்துச் சமைத்துப் போட்டனர். செய்துங்கநல்லூரில் வீடிழந்த இந்துக் குடும்பங்களுக்குப் பள்ளிவாசல் கதவைத் திறந்து இடமும் உணவும் அளித்தது. கடைகள் அடைபட்டு, சாலைகள் அறுந்து, மின்சாரம் நின்ற அந்நாளில் மனிதரைக் காத்தவை ஒரு பானையும், சிறிது அரிசியும், பலருக்குச் சமைக்கத் தெரிந்த கைகளுமே. ஊருக்கு இக்கட்டு வரும்போது கைகொடுப்பது இந்தக் கைத்திறமே ஆகும்.

நாம் செய்யத்தக்கவை

அன்பார்ந்த ஜமாஅத்தார்களே! பெண்களை மீண்டும் உரலுக்கும் அம்மிக்கும் அனுப்ப வேண்டும் என்பது நம் நோக்கமன்று. அந்த உழைப்பின் கடுமையை அவர்களே அறிவர்; மின் அரைப்பான் அவர்களுக்குக் கிடைத்த நிம்மதி. அதோடு, சமையல் பெண்களின் கடமை மட்டுமே என்று ஒதுங்கவும் ஆண்களாகிய நமக்கு முகாந்திரம் இல்லை. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் குடும்பத்தாரின் பணிகளில் துணைநின்று, தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள்.

ஆகவே மூன்று யோசனைகளைப் பணிவுடன் முன்வைக்கிறோம். முதலாவதாக, மஹல்லாவின் மூத்த தாய்மார்களிடம் கேட்டு, அவர்கள் வீட்டு ஆணம், கஞ்சி, பலகாரங்களின் செய்முறையையும் அளவையும் எழுதி வைப்போம்; மதரஸா மாணவியரும் மாணவரும் விடுமுறையில் இதைச் செய்யலாம். இரண்டாவதாக, ரமளான் கஞ்சிக் கொட்டகையில் இளைஞர்கள் பரிமாறுவதோடு நில்லாமல், சமைக்கவும் கற்கட்டும். மூன்றாவதாக, மையித்து வீட்டுக்கும் நோயுற்றோர் வீட்டுக்கும் கடையில் வாங்கிய பொட்டலத்துக்குப் பதிலாக, இயன்றவரை நம் வீட்டில் ஆக்கிய உணவை அனுப்புவோம். குழம்பு சமைத்தால் நீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் கொடுக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்கு அண்ணலார் (ஸல்) சொன்ன அறிவுரை நம் எல்லோருக்கும் உரியதன்றோ!

முத்து போனதை நம்மால் தடுக்க இயலவில்லை. வீட்டு அடுப்போ நம் கையில் இருக்கிறது. ஹலாலானதையும் தூய்மையானதையும் உண்டு, அண்டை அயலாருக்கும் ஊட்டி, அறிந்ததை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கும் நற்பேற்றை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.