வேலிக்கு அப்பால் யார் பொறுப்பு? அணுமின் நிலையங்களும் வெளியேற்றத் திட்டங்களும்



அணுமின் நிலையமே இல்லாத நாட்டில் வாழும் நமக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் வினவலாம். நம் நாட்டில் இருப்பது 1982ஆம் ஆண்டு பாங்கியில் இயங்கத் தொடங்கிய சிறிய ஆய்வு உலை ஒன்றுதான். ஆயினும், ஊரைக் காலி செய்வது என்றால் என்ன என்பதைப் புக்கிட் பெலண்டோக் வட்டாரத்தார்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1999ஆம் ஆண்டு நிப்பா நச்சுயிரி இங்குப் பரவியபோது, அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதிக் கொசு ஒழிப்பிலும் தடுப்பூசியிலும் காலம் கழிந்தது. மார்ச் மாதத்தில் உண்மைக் காரணம் தெரிந்தபோது பலர் மாண்டிருந்தனர். நாடு முழுமைக்கும் உயிரிழந்தோர் 105 பேர். பேரிடர் வந்த பிறகு திட்டம் தீட்டுவதன் விலையை அறிந்த மண் இது.

அணுமின் நிலையங்களைச் சுற்றி வாழும் மக்களை வெளியேற்றும் திட்டத்தை அரசு கண்காணிக்கத் தொடங்கிய வரலாறும் ஒரு தடுமாற்றத்தில்தான் பிறந்தது. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் திரீ மைல் ஐலண்டு நிலையத்தின் உலை ஒன்று பழுதுற்றது. அதுகாறும் மத்திய ஒழுங்குமுறை ஆணையம் வேலிக்கு உள்ளே இருந்த இயந்திரங்களையே பெரிதும் கவனித்து வந்தது. வேலிக்கு வெளியே இருந்த மக்களைப் பற்றிய திட்டம் மாநிலத்துக்கும் உள்ளூர் அதிகாரிகளுக்கும் விடப்பட்டிருந்தது. அந்தத் திட்டங்களும் 5 மைல் வரைதான் எண்ணியிருந்தன. விபத்து நடந்துகொண்டிருக்கும்போதே அது 10 மைல் என்றும் பிறகு 20 மைல் என்றும் நீண்டது! மார்ச் 30 அன்று, 5 மைலுக்குள் வாழும் கருவுற்ற பெண்களும் பள்ளி வயதை எட்டாத குழந்தைகளும் வெளியேறுவது நலம் என்று ஆளுநர் டிக் தார்ன்பர்க் அறிவித்தார். அந்த வகையில் அடங்குவோர் சில ஆயிரம் பேரே. புறப்பட்டுச் சென்றவர்களோ ஏறத்தாழ 140,000 பேர். பிள்ளையை மட்டும் அனுப்பிவிட்டு எந்தத் தந்தை வீட்டில் இருப்பார்? திட்டம் தீட்டுவோர் இந்த எளிய உண்மையை அப்போதுதான் கண்டனர்.

அதே ஆண்டு டிசம்பரில் அதிபர் கார்ட்டர் வெளிப்புறத் திட்டங்களை மேற்பார்க்கும் பொறுப்பை மத்திய நெருக்கடி நிலை மேலாண்மை முகமையிடம் ஒப்படைத்தார். 1980இல் வந்த விதியின்படி, 10 மைல், அதாவது 16 கிலோமீட்டர் வட்டத்துக்கு ஏற்கத்தக்க திட்டம் இல்லையேல் இயக்க உரிமம் இல்லை. இந்த விதிக்கு உண்மையிலேயே பல் இருந்தது. நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் கட்டப்பட்ட ஷோர்ஹம் நிலையமே அதற்குச் சான்று. அந்த நீண்ட குறுகிய தீவிலிருந்து மக்களை வெளியேற்றவே இயலாது என்று 1983இல் சஃபோக் வட்டார மன்றம் முடிவு செய்து, திட்டத்தில் பங்கேற்க மறுத்தது. பள்ளிப் பேருந்து ஓட்டுநர்களிடம் எடுத்த ஆய்வொன்றும் அவ்வழக்கில் பேசப்பட்டது; அவர்களுள் பலர் முதலில் தம் குடும்பத்தையே காக்கச் செல்வோம் என்றனராம். ஆசிரியர்களாகிய நாம் அவர்களைக் குறைகூற முடியுமா? நம் பள்ளித் தீப் பாதுகாப்பு ஒத்திகைகளில் இக்கேள்வியை நாம் கேட்டதே இல்லை. கட்டி முடிக்கப்பட்ட ஷோர்ஹம், வணிக நோக்கில் மின்சாரம் விற்காமலேயே 1989இல் மூடுவதற்கு உடன்பாடாயிற்று.

இனி நம் தாய்த்தமிழகத்துக்கு வருவோம். இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983ஆம் ஆண்டு நவம்பரில் அமைந்தது. அங்கும் அவசரகாலத் திட்ட வட்டம் 16 கிலோமீட்டரே. வேலிக்கு உள்ளே நிலைய நிருவாகம் பொறுப்பு. வெளியே மாவட்ட ஆட்சியர் பொறுப்பு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கல்பாக்கத்தைத் தாக்கியபோது இயங்கிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. ஆனால் நிலைய ஊழியர் குடியிருப்பில் உயிர்ப்பலி நேர்ந்தது. உலை காக்கப்பட்டது, மனிதர் காக்கப்படவில்லை என்பது என் மனத்தில் தங்கிய செய்தி.

2011 மார்ச்சில் ஃபுகுஷிமாவில் வெளியேற்ற வட்டம் ஒரே நாளில் 3, 10, 20 கிலோமீட்டர் என்று விரிந்ததைத் தொலைக்காட்சியில் கண்ட இடிந்தகரை மீனவ மக்கள் கூடங்குளத்தைப் பற்றி வினா எழுப்பினர். போராட்டம் வலுத்தது. 2012 ஜூனில் நக்கனேரி என்னும் சிற்றூரில் வெளியேற்ற ஒத்திகை நடந்தது. போராட்டக்காரர்கள் அதைக் கண்துடைப்பு என்றனர். 16 கிலோமீட்டர் வட்டத்தில் வாழும் மக்கள்தொகையோடு ஒப்பிட்டால், ஒரு சிற்றூரின் ஒத்திகை போதாது என்றே நானும் கருதுகிறேன்.

அவ்வாண்டு ஆகஸ்டில் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. உலைகளின் எதிர்ப்பாளர்கள் எழுதியதன்று அது. அரசின் கணக்காளர் எழுதியது. வெளிப்புற ஒத்திகைகளில் ஆயத்தக் குறைபாடுகள் வெளிப்பட்டன என்றும், வாரியம் திருத்தங்களைப் பரிந்துரைக்கலாமே தவிர அவற்றை நிறைவேற்றச் செய்யும் அதிகாரம் அதற்கு இல்லை என்றும் அவ்வறிக்கை கூறிற்று. வாரியம் அன்று நாடாளுமன்றச் சட்டத்தால் தனித்து அமைந்ததும் அன்று, அரசாணையால் அமைந்தது. அது பதில் சொல்ல வேண்டிய அணுசக்தி ஆணையத்தின் தலைவரே அணுசக்தித் துறையின் செயலாளராகவும் இருந்தார். மாணவனின் விடைத்தாளைத் திருத்துபவர் அம்மாணவனின் தந்தையிடம் சம்பளம் வாங்குவது போன்ற நிலை!

2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் கூடங்குளம் இயங்கத் தடையில்லை என்று தீர்ப்பளித்தது; கூடவே 15 கட்டளைகளையும் விதித்தது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் வழிகாட்டிகளை நிறைவேற்றுவதும், உள்ளும் வெளியும் காலமுறைப்படி ஒத்திகை நடத்துவதும் அவற்றுள் அடங்கும். இருமாதம் கழித்து, ஜூலை 13 அன்று, முதல் உலையில் தொடர்வினை தொடங்கியது.

அடுத்த பதிவில் நம் பேராக் மாநிலத்தின் புக்கிட் மேரா அரிய மண் ஆலை வழக்கைப் பற்றி எழுத எண்ணியுள்ளேன்.