ஏழு டாலர் படகு

படகு விடுவதில் எனக்குள்ள அனுபவம், சிறு வயதில் மழைத் தண்ணீரில் காகிதக் கப்பல் விட்டதோடு சரி. நீச்சலும் தெரியாது. ஆனாலும் வேகமில்லாத ஆறு, சின்னப் படகு, இருட்டினால் கரையோரத்தில் ஒரு கூடாரம் என்று யாராவது எழுதியிருந்தால், கைவேலையைப் போட்டுவிட்டுப் படிக்க உட்கார்ந்துவிடுவேன். அப்படிப் படித்தவற்றுள் மனத்தை விட்டு அகலாத பிரயாணம் ஒன்று உண்டு. 1839-ல் அமெரிக்காவில் இரண்டு சகோதரர்கள் போனது.

தம்பியை உலகத்துக்குத் தெரியும். ஹென்றி டேவிட் தோரோ. சட்ட மறுப்பைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையைக் காந்திஜி படித்ததால் நமக்கும் வேண்டியவராகிவிட்டவர். அண்ணா ஜானை அவ்வளவாக யாருக்கும் தெரியாது. அப்போது தம்பிக்கு வயது 22, அண்ணாவுக்கு 24. மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் கன்கார்டு என்ற ஊரில் இருவரும் ஒரு பள்ளிக்கூடம் நடத்திவந்தார்கள்.

படகைத் தாங்களே கட்டினார்கள். ஒரு வாரத்து வேலை. நீளம் 15 அடி, அகலம் மூன்றரை அடி. உடம்புக்குப் பச்சை வர்ணம், விளிம்புக்கு நீலம். இரண்டு ஜோடித் துடுப்பு, ஊன்றித் தள்ளக் கழிகள், காற்று அடித்தால் பாய். பாய்மரம் இரண்டில் ஒன்றுதான் ராத்திரியில் கூடாரத்துக்கு நடுக்கம்பு! அருவி குறுக்கிட்டால் கரையேற்றி உருட்டிப் போகச் சக்கரங்கள்கூட உண்டு. படுக்கக் காட்டெருமைத் தோல் ஒன்று. உருளைக்கிழங்கும் முலாம்பழமும் ஏற்றிக்கொண்டு, ஆகஸ்ட் 31, சனிக்கிழமை புறப்பட்டார்கள்.

புதிதாகத் துடுப்புப் பிடிப்பவர்களுக்குக் கன்கார்டு ஆற்றைப் போல இணக்கமான ஆறு கிடைக்காது. அதன் கரையில் குடியேறிய நாவலாசிரியர் நதானியல் ஹாதர்ன், தண்ணீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்பது மூன்று வாரம் கழித்தே தமக்குத் தெளிவாயிற்று என்று எழுதியிருக்கிறார். முதல் ராத்திரி பில்லரிக்காவில் கூடாரம். மறுநாள் கால்வாய் வழி. ஒருவர் கரைமேல் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓட, மற்றவர் படகு கரையில் மோதாமல் கழியால் தள்ளிக்கொண்டே வந்தார். கால்வாய் முடிவில் மதகு. ஞாயிற்றுக்கிழமை மதகு திறக்கவேண்டிய கடமை காவல்காரருக்கு இல்லை. ஆனால் அந்தப் புண்ணியவான், படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை வைத்துவிட்டு வந்து திறந்துவிட்டார். எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும்.

பிறகு மெரிமாக் நதியில் மேல்நோக்கிப் போனார்கள். ஹூக்ஸெட்டில் படகை விட்டுவிட்டு, வாஷிங்டன் சிகரம் ஏறி, திரும்பி வந்தார்கள். கடைசி நாள் காற்று சாதகம். ஒரே நாளில் 50 மைல். மொத்தம் இரண்டு வாரம்.

1842 ஜனவரி முதல் தேதி, சவரக்கத்தியைத் தீட்டும்போது ஜானின் விரலில் சின்னதாக ஒரு வெட்டு. தனுர்வாதம் கண்டு, தாடை இறுகி, 11-ந் தேதி போய்விட்டார். சில நாட்களில் தம்பிக்கும் அதே அறிகுறிகள் தோன்றின. உடம்பில் காயமே இல்லை! எப்படியோ பிழைத்தார்.

அந்த வருஷம் செப்டம்பரில் படகை ஹாதர்னுக்கு விற்றார். விலை ஏழு டாலர். பணமுடை என்று சொல்வார்கள். இருக்கலாம். வாசலில் அந்தப் படகு கிடப்பதைத் தினம் எப்படிப் பார்ப்பது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. துடுப்புப் போடவும் அவரே கற்றுக்கொடுத்தார். மனசில் நினைத்தால் போதும், படகு அந்தப் பக்கம் திரும்பும் என்றாராம். ஹாதர்ன் நினைத்துப் பார்த்தார். படகு எல்லாத் திசையும் திரும்பிற்று, வேண்டிய திசையைத் தவிர!

1845-ல் வால்டன் குளக்கரையில் குடிசை போட்டுக்கொண்டு தோரோ எழுத உட்கார்ந்தது, பிரதானமாக இந்தப் பிரயாணக் கதையைத்தான். இரண்டு வாரத்தை ஒரு வாரமாகச் சுருக்கினார். மீன் வருகிறது, நட்பு வருகிறது, நம் பகவத்கீதைகூட வருகிறது. சில இடங்களில் படகு நகருவதே இல்லை. நானே பக்கம் தள்ளியிருக்கிறேன். ஆனால் புத்தகம் முழுக்கத் தேடினாலும் ஜான் என்ற பெயர் இல்லை. "நாங்கள்" என்பார், "என் சகோதரன்" என்பார். அவ்வளவுதான். கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். பெயரை எழுதக் கை வராத இடம் ஒன்று உண்டென்று எனக்குத் தெரியும்.

1849-ல் தம் செலவிலேயே வெளியிட்டார். அச்சானது ஆயிரம் பிரதி. நாலு வருஷம் கழித்து, விற்காத 706 பிரதிகள் வீட்டுக்குத் திரும்பி வந்தன. மாடிப்படி இரண்டு அடுக்கு. கட்டுக்களைத் தாமே முதுகில் சுமந்து மேலே கொண்டுபோய் அடுக்கினார்.