ஹார்லெம் தெருப் பள்ளிகள்

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டுமெனச் செயலாளர் அவர்கள் கேட்டபோது, மகாத்மா பூலேயின் இரவுப் பள்ளியைப் பற்றி எழுதுவதாகவே முதலில் எண்ணினேன். பகலெல்லாம் உழைத்துக் களைத்த உழவர்க்கும் கூலித் தொழிலாளர்க்குமென 1855இல் புனே நகரில் தொடங்கப்பெற்ற பள்ளி அது. அவ்வரலாற்றை நம் இளைஞர்கள் ஓரளவேனும் அறிவர். நம்மவர் அதிகம் அறியாத வேறொன்றை எழுதுவதே பயனுடையது என்று பின்னர்த் தோன்றியது. அதற்கு ஒரு மாணவனும் காரணம். அவனைப் பற்றி இறுதியில் சொல்கிறேன்.

அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பயின்ற கொலம்பியா பல்கலைக்கழகம் நியூயார்க் நகரில் ஒரு மேட்டின்மீது அமைந்திருக்கிறது. அம்மேட்டைவிட்டுக் கீழிறங்கினால் ஹார்லெம் வந்துவிடும். அமெரிக்கக் கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த பகுதி அது. மேட்டின்மேல் உலகப் புகழ் பெற்ற கல்விக்கூடம். அதன் அடிவாரத்தில், பள்ளியை முடிக்காமலே தெருவுக்கு வந்துவிட்ட ஆயிரக்கணக்கான பிள்ளைகள். ஊருக்கும் சேரிக்கும் இடைப்பட்ட தூரத்தை அறிந்த நமக்கு இக்காட்சியை விளக்க வேண்டியதில்லை.

அங்கே சட்டம் பள்ளிக் கதவை மூடவில்லை. பிள்ளைகள் பெஞ்சியில் அமர்ந்துதான் இருந்தனர். ஆயினும் நெரிசல் மிகுந்த வகுப்புகள், பழகித் தேர்ந்த ஆசிரியர் இன்மை, ‘இவனுக்குப் படிப்பு வராது’ என்ற முன்முடிவு ஆகியவை சேர்ந்து அவர்களை மெல்ல வெளியே தள்ளின. இவ்வநீதியை எதிர்த்து 1964 பிப்ரவரி 3ஆம் நாள் நியூயார்க்கில் நடந்த பள்ளிப் புறக்கணிப்பில் 4 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் வகுப்புக்குச் செல்லாது நின்றனர். ஒரு நாள் புறக்கணிப்பால் ஒரு பெருநகரின் பள்ளி அமைப்பு திருந்திவிடுமா? திருந்தவில்லை.

இந்நிலையில்தான் தெருப் பள்ளிகள் தோன்றின. நியூயார்க் அர்பன் லீக் என்னும் கறுப்பின மக்கள் நல அமைப்பு, ஹார்லெம் தெருக்களில் வெறுமையாய்க் கிடந்த கடைகளை வாடகைக்கு எடுத்து வகுப்பறைகளாக்கியது. ஆசிரியருக்கு இணையாக அங்கே மற்றொருவரும் இருந்தார். தெருப் பணியாளர் என்று அவரை அழைத்தனர். அவர் அப்பகுதியிலேயே குடியிருப்பார். தெருமுனையில் நிற்கும் பிள்ளைகளோடு பழகுவார். காவல் நிலையம், நீதிமன்றம், வீட்டுச் சண்டை எதுவாயினும் உடன் நிற்பார். அதன் பின்னரே பாடப் புத்தகம். பள்ளியைவிட்டு நின்ற பையனை மீண்டும் அழைக்கத் தலைமையாசிரியர் கையெழுத்திட்ட கடிதம் போதாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். (அத்தகைய கடிதங்கள் பலவற்றில் கையெழுத்திட்டவன் என்ற முறையில் நானும் இதனை ஒப்புக்கொள்கிறேன்.)

பயிற்சி மூன்று படிகளாக அமைந்தது. தெருப் பள்ளியில் வாசிப்பும் அடிப்படைக் கணக்கும். அடுத்து, இடைநிலைக் கழகத்தில் உயர்நிலைப் பாடங்கள். மூன்றாவதாக, கல்லூரிக்கு ஆயத்தப்படுத்தும் பள்ளி. அம்மூன்றாம் படியாக 1967 அக்டோபரில் தொடங்கப்பெற்றதே ‘ஹார்லெம் பிரெப்’.

முதலில் அது ஒரு படைப்பிரிவின் ஆயுதக் கிடங்குக் கட்டடத்தில் நடந்தது. அடுத்த ஆண்டு பழைய சூப்பர் மார்க்கெட் ஒன்றுக்கு இடம் பெயர்ந்தது. காய்கறியும் மளிகையும் விற்ற அவ்வகன்ற கூடத்தில் நிலையான சுவர்கள் இல்லை. ஒரு மூலையில் கணிதம் நடக்கும். சற்றுத் தள்ளி ஆப்பிரிக்க வரலாறு நடக்கும். அங்கே கன்னியாஸ்திரீகளும் இஸ்லாமியரும் கறுப்பினத் தேசியவாதிகளும் ஒரே கூரையின்கீழ்ப் பாடம் சொன்னார்கள். கல்விக் கட்டணம் இல்லை. பழைய மதிப்பெண் பட்டியலைக் காட்டி எவரையும் திருப்பி அனுப்பியதும் இல்லை. எட்வர்டு கார்ப்பென்டர் என்பவர் தலைமையாசிரியராக விளங்கினார். அவர் துணைவியார் ஆன் கார்ப்பென்டர் ஆங்கிலம் போதித்தார்.

ஓரிடத்தில் இளைஞர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். படிப்பில் பின்தங்கியோர்க்கு மாற்றுக் கல்வி என்றவுடன், பாடத்தைக் குறை, கைத்தொழில் கற்றுக்கொடு, எங்கேனும் வேலைக்கு அனுப்பிவிடு என்பதே உலகெங்கும் வழக்கம். கைத்தொழிலை நான் இழிவாகக் கூறவில்லை. என் தந்தையார் தோல் பதனிடும் தொழிலாளி. ஆனால் ஹார்லெம் பிரெப் இலக்கைத் தாழ்த்தவில்லை. ஒரு கல்லூரி மாணவனை ஏற்றுக்கொண்ட பின்னரே அவன் அப்பள்ளியை முடித்தவனாகக் கருதப்பட்டான். தேறாதவன் என்று ஒதுக்கப்பட்டவனிடம் மற்றவரிடத்தினும் கூடுதலாக எதிர்பார்த்தார்கள். 1967 தொடங்கி 1974 வரை தனித்து இயங்கிய ஏழாண்டுகளில் எழுநூறுக்கும் மேற்பட்டோரை அப்பள்ளி கல்லூரிக்கு அனுப்பியது.

இத்தகைய பள்ளி ஏன் நீடிக்கவில்லை? பணமே காரணம். அறக்கட்டளைகளும் பெரு நிறுவனங்களும் வழங்கிய நன்கொடையை நம்பியே அது நடந்தது. 1970க்குப் பின் கொடையாளர் கவனம் வேறு பக்கம் திரும்பியது, கையிருப்பு கரைந்தது. 1974இல் நகரக் கல்வி வாரியம் பள்ளியை ஏற்றுக்கொண்டது. சம்பளத்துக்கு வழி பிறந்தது; கூடவே விதிகளும் வந்தன. உரிமச் சான்று இல்லாத ஆசிரியர் அரசுப் பள்ளியில் போதித்தல் இயலாது. பிள்ளைகளின் மனமறிந்த பலர் விலக நேர்ந்தது. பெயர் நிலைத்தது, பழைய உயிர் நிலைக்கவில்லை. அரசு ஊழியனாகிய நான் விதிகளை வெறுப்பவன் அல்லன். எனினும் இப்பகுதியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் நாட்டிலும் இடைநின்றோர்க்கு வழி திறக்கப்பட்டது. 1979இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் கீழ்த் திறந்தநிலைப் பள்ளி தொடங்கியது. 1989இல் அது தன்னாட்சி பெற்றது. 2002இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் எனப் பெயர் மாறியது. வேலை பார்த்துக்கொண்டே பாடத்துக்கு ஒன்றாகத் தேர்வு எழுதலாம். நல்ல ஏற்பாடே. ஆனால் அங்கே தெருப் பணியாளர் இல்லை. விண்ணப்பம் தானே நடந்து நம் தெருவுக்கு வராது.

இனி அம்மாணவன். சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பள்ளியில் பத்தாம் வகுப்பில் கணக்கில் மட்டும் தவறினான். அவ்வாண்டுத் தேர்ச்சி விழுக்காடு குறைந்ததென மேலிடத்தில் என்னை நிற்கவைத்துக் கேட்டார்கள். அக்கோபத்தை நான் அவன்மீது காட்டினேன். துணைத் தேர்வுக்குப் பணம் கட்ட அவன் வரவில்லை. செங்கல் சூளைக்குப் போய்விட்டான் என்று பிறகு அறிந்தேன். சென்ற தை மாதம் பேருந்தில் என்னைக் கண்டு எழுந்து நின்று இடம் கொடுத்தான். “சார், நம்ம சங்கத்து மாலை வகுப்பில் என்னைச் சேர்த்துக்கொள்வார்களா?” என்று கேட்டான்.

என்னால் உடனே விடை கூற முடியவில்லை. நம் மாலை வகுப்பில் நானூறு மதிப்பெண்ணுக்கு மேல் பெற்றோரையே சேர்க்கிறோம். இடம் குறைவு, நன்கொடை குறைவு, நல்ல தேர்ச்சி காட்டினால்தான் கொடையாளர் மகிழ்வர் என்பன நாம் சொல்லும் காரணங்கள். அவை பொய்யல்ல. அவ்விதியை வகுத்த கூட்டத்தில் நானும் கையுயர்த்தியவன்தான். வரும் பொதுக்குழுவில் அதனை நீக்கும் தீர்மானத்தை நானே கொண்டுவருகிறேன். அப்பையனுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன்; கூட்டத்துக்கு வருவதாகச் சொன்னான்.