கடலடியைத் தட்டிப் பார்த்த கதை

சந்தையில் பலாப்பழம் வாங்கும்போது விரலால் தட்டிப் பார்க்கிறோம். எழும் ஓசையைக் கொண்டு உள்ளே பழமா, காயா என்று தீர்மானிக்கிறோம். கடலுக்கு அடியில் எண்ணெய் தேடுவோர் கையாளும் முறையும் ஏறக்குறைய இதுவே.

டைட்டானிக் கப்பல் 1912-இல் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. 1914-இல் ரெஜினால்டு ஃபெசென்டன் என்பவர் நீருக்குள் ஒலியை எழுப்பி, பனிப்பாறையிலிருந்து திரும்பிய எதிரொலியைக் கேட்டார். 1921-இல் ஜான் கார்ச்சர் என்பாரும் அவர்தம் நண்பர்களும் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் வெடி வைத்து, நிலத்தடிப் பாறைகளின் எதிரொலியைப் பதிவு செய்தனர்.

அப்படியானால் கடலடி? லீஹை பல்கலைக்கழகத்தில் பௌதிகம் கற்பித்து வந்த மாரிஸ் யூயிங் என்ற இளைஞரே அதற்குத் துணிந்தார். அவர் பொருளுதவி கேட்டபோது எண்ணெய் நிறுவனம் ஒன்று கைவிரித்துவிட்டது. நிலத்திலேயே எண்ணெய் கிடைக்கும்போது கடலில் ஏன் தேட வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அறிவியல் சங்கம் ஒன்று அளித்த சிறு தொகையைக் கொண்டு, 1935-இல் விர்ஜீனியாக் கரைக்கு அப்பால் அவர் கடலில் வெடிகளை வெடித்தார். கெட்டிப் பாறையில் அதிர்வு விரைந்து ஓடும். இளகிய படிவில் மெதுவாகச் செல்லும். அந்த நேர வேறுபாட்டைக் கணக்கிட்ட யூயிங், கரையிலிருந்து செல்லச் செல்லப் படிவுகள் தடித்துக்கொண்டே போவதைக் கண்டார். எண்ணெய் பிறப்பது இத்தகைய படிவுகளில்தான் அல்லவா? கைவிரித்தவர்கள் பின்னாளில் கடலைத் தேடி வர வேண்டியதாயிற்று.

வெடிமருந்து மீன்களைக் கொன்றது; ஆட்களுக்கும் ஆபத்து. ஆகவே 1960-களில், அழுத்திய காற்றைச் சட்டென்று வெளியிடும் காற்றுத் துப்பாக்கி வந்தது. கப்பலின் பின்னால் நீண்ட கேபிளில் கோத்த ஒலிவாங்கிகள் எதிரொலியைப் பிடிக்கின்றன. நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும். எதிரொலி 2 நொடியில் திரும்பினால், கடலடி 1,500 மீட்டர் ஆழத்தில் உள்ளது என்று பொருள். அதற்குப் பின்னர் வரும் எதிரொலிகள் அடியிலுள்ள பாறை அடுக்குகளின் செய்தியைக் கொண்டு வருகின்றன.

நம் நாட்டில் 1910-இல் மிரியில் தோண்டிய முதல் எண்ணெய்க் கிணறு நிலத்தில்தான் இருந்தது. 1960-களில் சரவாக் கடலிலும் எண்ணெய் வயல்கள் கண்டறியப்பட்டன.

ஆனால், நேயர்களே, ஒலி காட்டுவது பாறையின் வடிவத்தைத்தான். அதனுள் எண்ணெய் உண்டா என்பதைத் துளையிட்டே அறிய வேண்டும். தட்டிப் பார்த்து வாங்கிய பலாவும் சில வேளை ஏமாற்றுவதுண்டு! மற்றொன்றும் உண்டு. காற்றுத் துப்பாக்கியின் ஓசை 1.2 கிலோமீட்டர் தொலைவு வரை மிதவை நுண்ணுயிர்களைக் கொல்கிறது என்று 2017-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அறிவித்தனர். மீன்களுக்கு உணவு அவைதான். கடலைத் தட்டிப் பார்க்கலாம். அதில் வாழ்வோரின் செவியையும் வயிற்றையும் மறந்துவிடலாகாது.